காடில்லாத ஊருக்கு எதற்கு வனவியல் படிப்பு?

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில் பாலுசெட்டிச் சத்திரத்தில் இறங்கிக் கொஞ்சம் உள்ளே போனால் திருப்புட்குழி. நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று. விஜயராகவப் பெருமாள் கோயிலும் ஜடாயு தீர்த்தமும் இருக்கும் ஊர். சீதையைக் காப்பாற்றப் போய் இறக்கை வெட்டுண்டு விழுந்த ஜடாயுவுக்கு இராமன் இறுதிச் சடங்கு செய்த இடம் இது என்கிறது தல புராணம். புள் என்றால் பறவை. புள்ளுக்குக் குழி வெட்டிய ஊர், அதனால் திருப்புட்குழி!

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இளம் வயதில் இராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டது இங்கேதான் என்பது வைணவ மரபு. குரு சொன்ன விளக்கம் சரியில்லை என்று தோன்றியபோது எழுந்து மறுத்துச் சொன்ன மாணவன் அவர்.

சரி, புராணத்தை விட்டு இன்றைக்கு வருவோம். இதே ஊர்ப் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டை நினைத்துப் பாருங்கள். பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். உயிரியலில் நல்ல மார்க். வீட்டுக்கு வந்த பெரியப்பா விசாரிக்கிறார்.

"அடுத்து என்னம்மா படிக்கப் போற?"

"ஃபாரஸ்ட்ரி பெரியப்பா."

"ஃபாரஸ்ட்ரியா? காட்டுக்குள்ள போய் மரம் எண்ணவா நாலு வருஷம் படிக்கணும்? அதுவும் நம்ம பக்கத்துல ஏதும்மா காடு?"

பெரியப்பா கிண்டலாகத்தான் கேட்கிறார். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. காஞ்சிபுரம் ஏரியும் வயலும் தறியும் நிறைந்த மாவட்டம். யானை, புலி, தேக்கு, சந்தனம் எதுவும் இங்கே கண்ணில் படாது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு பெண் வனவியலும் இயற்கை வள மேலாண்மையும் படித்து என்ன செய்யப் போகிறாள்? இதற்குச் சரியான பதில் சொல்லாததால்தான் இந்தப் படிப்பு இன்னும் கவுன்சிலிங்கில் பலருக்குக் கடைசி விருப்பமாகவே இருக்கிறது.

அப்படி என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

தமிழ்நாட்டில் வனவியல் பட்டப்படிப்பைத் தருவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். 1980களில் தொடங்கிய படிப்பு அது. இப்போது நீலகிரி அடிவாரத்தில் மேட்டுப்பாளையத்தில் இருக்கும் வனக்கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் நடக்கிறது. நான்கு வருடம், எட்டு செமஸ்டர்.

மரங்களை அடையாளம் காண்பது, விதை சேகரிப்பது, நாற்றங்கால் போடுவது, மண்ணும் நீரும், மரத்தின் உள்ளமைப்பு, வன உயிரினங்கள், வனச் சட்டங்கள், பூச்சி, நோய், வயலில் மரமும் பயிரும் சேர்த்து வளர்ப்பது, நீர்ப்பிடிப்புப் பகுதி மேலாண்மை, தேன், மூங்கில், புளி போன்ற மரமல்லாத வனப்பொருட்கள்... பாடத்திட்டம் இப்படிப் போகிறது.

பெரியப்பா சொன்ன மரம் எண்ணும் வேலையும் உண்டு. ஆனால் அது அத்தனை சுலபமில்லை. ஒரு மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது ஓர் ஆளின் மார்பளவு உயரத்தில் அளக்க வேண்டும். உயரத்தைக் கருவி வைத்துக் கணக்கிட வேண்டும். அதிலிருந்து மரத்தின் கன அளவு, தோப்பின் மொத்த இருப்பு, ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது என்பதெல்லாம் வரும். வருடத்துக்கு எவ்வளவு வளர்கிறதோ அதற்கு மேல் வெட்டக்கூடாது என்பது வனவியலின் ஆரம்பப் பாடம். இன்று உலகமெங்கும் பேசப்படும் 'நீடித்த பயன்பாடு' என்ற சொல்லே ஜெர்மனியில் இந்தத் துறைக்காகத்தான் எழுதப்பட்டது. சாக்சனி நாட்டில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ், சுரங்கத்துக்கும் உலைக்கும் மரம் தீர்ந்துகொண்டே போவதைப் பார்த்து 1713ல் எழுதிய புத்தகத்தில் அது வருகிறது. வட்டியை எடுத்துச் சாப்பிடலாம், முதலில் கை வைக்கக்கூடாது. கடன் வாங்கித் தறி போட்ட எந்தக் குடும்பத்துக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

காஞ்சிக்காரர்களுக்கு ஒரு செய்தி. அதே மேட்டுப்பாளையம் வளாகத்தில்தான் பட்டுப்புழு வளர்ப்புக்கும் தனிப் பட்டப்படிப்பு நடக்கிறது. மல்பெரி பயிரிடுவது முதல் கூடு எடுப்பது வரை அங்கே பாடம். காஞ்சிப் பட்டுக்கு 2005-06ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பட்டுக்கு வேண்டிய நூலில் பெரும்பங்கு கர்நாடகத்திலிருந்து வருகிறது. சேலைக்கு முன்னே நூல், நூலுக்கு முன்னே புழு, புழுவுக்கு முன்னே ஒரு செடி என்று பின்னோக்கிப் பார்த்தால் தறி வீட்டுக்கும் இந்தக் கல்லூரிக்கும் அவ்வளவு தூரமில்லை.

ரயிலுக்காகப் பிறந்த படிப்பு

ஒரு படிப்பைப் பற்றிப் பேசும்போது அதன் பிறப்பையும் பேசித்தான் ஆக வேண்டும். இந்தியாவில் வனவியல், காட்டின் மேல் உள்ள காதலால் தொடங்கப்பட்டதில்லை. கப்பலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் மரம் வேண்டியிருந்தது. வெட்டிய வேகத்தில் காடு தீர்ந்துவிடும் என்ற பயம் வந்தது. 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட முயன்றபோது விதை சரியாக முளைக்கவில்லை. விடாமல் முயன்று தோட்டத்தை உண்டாக்கிக் காட்டியவர் சாத்து மேனன். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டங்களில் ஒன்றாக அது இன்றும் நிற்கிறது.

1856ல் மதராஸ் மாகாணத்துக்கு ஹியூ கிளெக்ஹார்ன் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். 1864ல் ஜெர்மானியரான டீட்ரிச் பிராண்டிஸ் தலைமையில் ஏகாதிபத்திய வனத்துறை உருவானது. 1878ல் டேராடூனில் வனப்பள்ளி, 1912ல் கோவையில் மதராஸ் வனக்கல்லூரி. இந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் வெட்டவும் நடவும் காவல் காக்கவும் பழகினார்கள். இதே காலத்தில்தான் 1878 இந்திய வனச் சட்டமும் 1882 மதராஸ் வனச் சட்டமும் வந்தன. தலைமுறை தலைமுறையாக விறகும் தேனும் எடுத்த ஜனங்கள் தங்கள் சொந்த மலையிலேயே அத்துமீறியவர்களாக ஆனார்கள்.

இந்தப் பழைய பாடத்தின் தவறுகள் இன்றும் கண் முன்னே நிற்கின்றன. நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளை 'சும்மா கிடக்கும் நிலம்' என்று கணக்கெழுதி அங்கே யூகலிப்டஸும் சீகை மரமும் நட்டார்கள். மழைநீரைப் பிடித்து மெல்ல ஓடைக்கு விடும் பஞ்சு போன்றது அந்தப் புல்வெளி என்பது காலம் கடந்துதான் புரிந்தது. சீமைக் கருவேலமும் விறகுக்காக 1870களில் மதராஸ் மாகாண வனத்துறையினர் வெளிநாட்டிலிருந்து விதை வரவழைத்ததுதான். இன்று அதை ஒழிக்கத் தனியாகக் கொள்கை வகுக்க வேண்டிய நிலை.

மரத்தோடு போயிற்றா? 1992 ஜூனில் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தன மரம் தேடுகிறோம் என்று போனவர்கள் அந்த மலைவாழ் மக்களுக்குச் செய்த கொடுமைகளை நாடே அறியும். உயிரோடிருந்த 215 பேர், அதாவது வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள், குற்றவாளிகள் என்று 2011ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மரத்தை மட்டும் பார்க்கப் பழகி, மரத்தடியில் இருக்கும் மனிதரைப் பார்க்கப் பழகாத துறை எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். 2006ல் வந்த வன உரிமைச் சட்டம் இந்தப் படிப்பில் பரீட்சைக்கு வரும் ஒரு கேள்வியாக மட்டும் இருந்துவிடக்கூடாது.

இதையெல்லாம் சொன்னால், "அப்படியானால் இந்தப் படிப்பே வேண்டாமே" என்று சிலர் சொல்லக்கூடும். மருத்துவர் தவறு செய்தார் என்பதற்காக யாரும் மருத்துவக் கல்லூரியை மூடுவதில்லை. தவறு எங்கே நடந்தது என்று அந்தக் கல்லூரியிலேயே பாடம் நடத்துகிறார்கள். வனவியலிலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

ஏரிக்குள் நிற்கும் மரம்

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் ஏது காடு?

காடு இல்லை. ஏரி இருக்கிறது. 2019ல் மாவட்டம் பிரிந்த பிறகும் அரசின் நீர்வளத்துறை கணக்கில் மட்டும் காஞ்சிபுரத்தில் 381 ஏரிகள். ஒன்றியங்கள் பார்த்துக்கொள்ளும் சின்ன ஏரிகளும் குளங்களும் தனி. தென்னேரி, தாமல், உத்திரமேரூர் என்று கடல் போலக் கிடக்கும் ஏரிகள் இந்த மாவட்டத்தின் சொத்து. ஒவ்வொரு ஏரிக்கும் கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால், உள்வாய், ஆயக்கட்டு. இந்த உள்வாயிலும் கரையிலும் நிற்கும் மரங்கள் யாருடைய பொறுப்பு?

1981ல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் தொடங்கியது. காட்டில் விறகு வெட்டுவதைக் குறைக்க ஊருக்குள்ளேயே விறகு வளர்க்கலாம் என்பது யோசனை. அதற்குக் கிடைத்த இடங்களில் முக்கியமானது ஏரி உள்வாய். நாட்டுக் கருவேலம் தண்ணீரில் நின்றாலும் சாகாது, வெயிலிலும் தாங்கும். ஏரி ஏரியாக நட்டார்கள்.

இப்போது ஓர் ஊர் ஏரியில் அப்படி வளர்ந்த கருவேலந்தோப்பு ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வெட்டலாமா, கூடாதா?

ஆயக்கட்டு விவசாயி வெட்டச் சொல்வார். மரம் நின்றால் தூர் வார முடியாது, வண்டல் சேர்கிறது, தண்ணீர் நிற்கும் இடம் குறைகிறது என்பார். பஞ்சாயத்தும் வெட்டச் சொல்லும். ஏலம் விட்டால் வருமானம். ஆடு மேய்ப்பவர் கூடாது என்பார். கோடையில் கருவேல நெற்றுதான் ஆட்டுக்குத் தீவனம். பறவை பார்க்க வருபவர் அலறுவார். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுவது அந்த மரங்களில்தான்! நான்கு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. முடிவெடுக்க வேண்டுமென்றால் எத்தனை மரம், எந்த வயது, எந்த மாதம் கூடு கட்டுகிறது, எந்தப் பகுதியில் எவ்வளவு வண்டல், எதை விட்டு எதை எடுத்தால் நான்கு பேருக்கும் நஷ்டம் குறையும் என்று அளந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இன்று அந்த ஆள் யார்? மண்ணுக்கும் மதகுக்கும் இன்ஜினியர் இருக்கிறார். நெல்லுக்கு வேளாண் அலுவலர் இருக்கிறார். மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் இருக்கிறார். ஏரிக்குள் நிற்கும் மரத்துக்கும் அதில் உட்காரும் பறவைக்கும் அந்த ஊருக்குள் யாரும் இல்லை. வனத்துறையின் கண் பெரும்பாலும் காப்புக்காட்டின் மேல்.

ஆள் இல்லாத இடத்தில் வதந்தி புகுந்துகொள்ளும். சீமைக் கருவேலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, ஆக்சிஜனே விடுவதில்லை என்று கைபேசியில் சுற்றும் செய்திகளை எத்தனை பேர் நம்பினார்கள்! அவற்றுக்கு ஆதாரம் கிடையாது. அந்த மரத்தின் உண்மையான கெடுதல் வேறு. மற்ற செடிகளை அண்டவிடாமல் பரவும். ஆடும் மாடும் நெற்றைத் தின்று விதையை ஊரெல்லாம் போடும். மேலோடு வெட்டினால் மறுபடி தழைக்கும். வேரோடு எடுத்து, எடுத்த இடத்தில் உடனே வேறு மரம் வைத்துக் காப்பாற்றினால்தான் பலன். 2017ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவுக்குப் பிறகு ஊர் ஊராக அவசரமாக இயந்திரம் இறக்கப்பட்டது. அந்த அவசரத்தில் நாட்டுக் கருவேலம் எது, சீமைக் கருவேலம் எது என்று பக்கத்தில் நின்று காட்ட ஒரு வனவியல் பட்டதாரி எத்தனை ஊரில் இருந்திருப்பார்? இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டமில்லை. நாட்டுக் கருவேலம் மஞ்சள் நிறத்தில் உருண்டையாகப் பூக்கும், நெற்று மணி கோத்த மாதிரி இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீளமாகத் தொங்கும். முதல் வருட மாணவனுக்கே தெரியும் விஷயம் இது.

ஏரியையும் மரத்தையும் பறவையையும் சேர்த்துக் காப்பாற்ற முடியாது என்பவர்கள் வேடந்தாங்கலைப் பார்க்க வேண்டும். முன்பு இதே காஞ்சிபுரம் மாவட்டம், இப்போது செங்கல்பட்டு. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட ஊர்க்காரர்கள், பறவைகளைச் சுட வந்தவர்களை எதிர்த்து, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் பாதுகாப்பு உரிமை எழுதி வாங்கினார்கள். எந்தக் கல்லூரியிலும் படிக்காத விவசாயிகள் செய்த வன மேலாண்மை அது. 2022ல் அந்த ஏரிக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. படித்துவிட்டு வருபவர்கள் முதலில் இவர்களிடம் கேட்டுப் பாடம் படிக்க வேண்டும்.

ஜடாயுவின் சொந்தக்காரர்கள் எங்கே?

திருக்கழுக்குன்றத்தில் மதிய நேரத்தில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் உண்டு போகும் என்பதைப் பழைய ஆட்கள் நேரில் பார்த்திருப்பார்கள். அவை உண்மையில் பாறு வகையைச் சேர்ந்த பறவைகள். 1990களுக்குப் பிறகு அவை வருவதில்லை. இந்தியா முழுக்க 1990களில் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. காரணம் புரியாமல் விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் தவித்தார்கள். மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்னும் பாறுவின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பது 2004ல் உறுதியானது. 2006ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க நீலகிரிப் பக்கம் மாயாறு பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும்.

மாட்டுக் கொட்டகையில் போட்ட ஊசி, வானத்தில் பறக்கும் பறவையைக் கொல்கிறது. இது எந்தத் துறையின் பிரச்சனை? கால்நடையா, மருந்துக் கட்டுப்பாடா, வனமா? இயற்கை வள மேலாண்மை என்று பெயர் வைத்து ஒரு படிப்பை நடத்துவது இப்படிப்பட்ட முடிச்சுகளை அவிழ்ப்பதற்காகத்தான். ஜடாயுவுக்குச் சடங்கு செய்த ஊரில் இன்று ஒரு பாறு கூட வட்டமிடுவதில்லை என்ற வருத்தம் இருந்தால், அந்த ஊர்ப் பெண் இந்தப் படிப்பில் சேருவதை யாரும் கிண்டல் செய்யமாட்டார்கள்.

33 விழுக்காடு எங்கிருந்து வரும்?

மூன்றில் ஒரு பங்கு நிலம் காடாக, மரங்களாக இருக்க வேண்டும் என்பது 1952லும் பிறகு 1988லும் வந்த தேசிய வனக்கொள்கைகளின் இலக்கு. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியபோது, அன்றைக்கு 23.7 விழுக்காடாக இருந்த பசுமைப் பரப்பைப் பத்து ஆண்டுகளில் 33 விழுக்காடாக உயர்த்துவோம் என்று அறிவித்தது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். மீதி வேண்டிய 9.3 விழுக்காடு என்பது ஏறத்தாழ 12,000 சதுர கிலோமீட்டர். அரசு ஆவணங்களில் காடு என்று பதிவான நிலம் மொத்தமே 18 விழுக்காட்டுக்கு உள்ளேதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிதாக மலை முளைக்கப் போவதில்லை. ஆக அந்த 12,000 சதுர கிலோமீட்டரில் பெரும்பகுதி பட்டா நிலத்திலும் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் கோயில் நிலத்திலும் பள்ளிக்கூட வளாகத்திலும்தான் வர வேண்டும். அதாவது காஞ்சிபுரம் மாதிரி காடில்லாத மாவட்டங்களில்!

அங்கே நாற்றைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டால் மரம் வராது. எந்த மண்ணுக்கு எந்த மரம், விவசாயிக்கு எத்தனை வருடத்தில் பணம் வரும், மலைவேம்பா சவுக்கா வேங்கையா, நிழல் விழுந்தால் பக்கத்து வயல்காரரோடு சண்டை வருமா, வெட்டவும் கொண்டுபோகவும் என்ன அனுமதி வேண்டும் என்று கூடவே நின்று சொல்ல ஆள் வேண்டும். மரம் நடக்கூடாத இடம் எது என்று சொல்லவும் ஆள் வேண்டும். நீலகிரிப் புல்வெளியில் செய்த தவறை ஏரி உள்வாயிலும் மேய்ச்சல் நிலத்திலும் திரும்பச் செய்யக்கூடாது.

படித்தவர்கள் எங்கே போகிறார்கள்?

இந்திய வனப்பணித் தேர்வை எழுத வனவியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல், இன்ஜினியரிங் என்று பல பட்டங்களும் செல்லும். வனவியல் அவற்றில் ஒன்று, அவ்வளவே. வனச்சரகர் போன்ற பணிகளில் தங்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று பல மாநிலங்களில் வனவியல் மாணவர்கள் போராடியிருக்கிறார்கள். இடம் கிடைக்காதவர்களில் பலர் வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அதற்கு இந்தப் பட்டம் தகுதியானது. நான்கு வருடம் காட்டைப் படித்தவர் கடைசியில் பயிர்க்கடன் விண்ணப்பம் சரிபார்க்கிறார். அந்த வேலையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஏரியில் ஆளில்லை என்பதும் அதே நேரத்தில் உண்மை.

"போட்டி என்றால் எல்லோரும் எழுதட்டும், திறமையானவர் வரட்டும்" என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. இயற்பியல் படித்துவிட்டு வந்து அருமையாகப் பணியாற்றிய வன அதிகாரிகள் உண்டு. பணியில் சேர்ந்த பிறகு அவர்களுக்குப் பயிற்சியும் தருகிறார்கள். எனவே இருக்கும் சில நூறு சீருடைப் பதவிகளுக்குள் யாருக்கு எத்தனை என்று மட்டும் சண்டை போட்டால் இந்தப் பிரச்சனை தீராது. இல்லாத பதவியை உண்டாக்க வேண்டும். ஒன்றியத்துக்கு ஒரு வேளாண் அலுவலர் இருப்பது போல, ஒன்றியத்துக்கு ஒரு மரம், நீர்நிலை அலுவலர். கையில் துப்பாக்கி வேண்டாம், அளவு டேப்பும் மண் ஆகரும் போதும். கிராம சபையில் உட்கார்ந்து பதில் சொல்லும் கடமை வேண்டும். அந்தப் பதவிக்கு வனவியல் பட்டத்தைத் தகுதியாக வைக்கலாம்.

தகுதி என்றதும் ஒரு பழைய சேதி. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறக்குறைய 920ல் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தல் என்று பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். அந்தத் தேர்தல் எதற்காக நடந்தது என்று கவனித்திருக்கிறீர்களா? ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் எடுப்பதற்காகவும்தான்! வயது என்ன, படிப்பு என்ன, முன்பு பதவியில் இருந்தபோது கணக்குக் காட்டினாரா என்றெல்லாம் பார்த்தார்கள். நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும் கதவு திறந்த சபை அது, பெண்ணுக்கும் உழைப்பாளிக்கும் அதில் இடமில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத் தகுதி வேண்டும், அந்த ஆள் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் இந்த வட்டாரத்துக்குத் தெரிந்திருந்தது. இன்று தகுதியுள்ளவர்களை வருடாவருடம் உருவாக்குகிறோம், வாரியம் மட்டும் இல்லை.

வறுத்த பயறும் தேக்கு விதையும்

திருப்புட்குழியில் ஒரு நம்பிக்கை உண்டு. குழந்தை வரம் வேண்டும் பெண்கள் வறுத்த பயறை நனைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். காலையில் அது முளைத்திருந்தால் வரம் கிடைத்துவிட்டதாக அர்த்தம். வனவியல் மாணவிக்கும் முளைக்காத விதையோடுதான் நான்கு வருடப் பழக்கம். தேக்கு விதையை மாற்றி மாற்றி நனைத்துக் காயவைக்க வேண்டும். சில விதைகளை வெந்நீரில் போட வேண்டும். சிலவற்றின் ஓட்டை உரச வேண்டும். இத்தனை செய்தும் பாதி முளைக்காது. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தப் படிப்பு சரிப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்று நட்ட வேங்கையின் பலனைப் பார்க்க நட்டவரே இருக்கமாட்டார்.

இன்னொன்றும் வேண்டும். பாடப்புத்தகம் 'பயனற்ற நிலம்' என்று சொன்னால், யாருக்குப் பயனற்றது என்று கேட்கத் தெரிய வேண்டும். 'ஆக்கிரமிப்பாளர்' என்று எழுதியிருந்தால், அவர் அங்கே எத்தனை தலைமுறையாக இருக்கிறார் என்று விசாரிக்கத் தெரிய வேண்டும். பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022ல் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஏகனாபுரம் மக்கள் தங்கள் ஏரிக்காகவும் வயலுக்காகவும் போராடி வருகிறார்கள். அங்கே போய் ஒரு ஏரியின் மதிப்பு எவ்வளவு என்று கணக்கெழுதப் போகிறவர், சதுர அடி விலையை மட்டும் எழுதுவாரா, அல்லது அதில் பாயும் வரத்துக்கால், நிரம்பும் கிணறு, இறங்கும் பறவை, மேயும் மாடு எல்லாவற்றையும் எழுதுவாரா என்பது அவர் படித்த விதத்தைப் பொறுத்தது.

யாதவப் பிரகாசரிடம் படித்த மாணவர் குருவை விட்டு ஓடிப்போய்ப் படிப்பை நிறுத்திவிடவில்லை. பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டு, தவறு என்று பட்ட இடத்தில் வாய் திறந்து சொன்னார். ரயிலுக்காகப் பிறந்த இந்தப் படிப்பை ஏரிக்கும் ஊருக்கும் திருப்பிவிடப் போகிறவர்களும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

அந்த வீட்டுப் பெண் பெரியப்பாவிடம் இப்படிச் சொல்லலாம். "காடு இல்லாததாலதான் பெரியப்பா படிக்கப் போறேன். காடு இருக்கிற ஊருக்கு கார்டு இருக்காரு, ரேஞ்சர் இருக்காரு. நம்ம ஏரிக்கு யாரு இருக்கா?"

பெரியப்பா அதற்குப் பதில் சொல்ல முடிகிறதா என்று பார்ப்போம். அரசும்தான்!